ஊர்கள் உரைத்த சரித்திரம் – 7: குதிரைமுகம் நீங்கிய ஊர்

சென்ற அத்தியாயத்திலே புத்தூர் நிலாவரைக் கிணற்றின் வற்றாத ஆழத்தைப் பற்றி உரைத்தபோது, அதனுள் இட்ட எலுமிச்சம்பழம் நிலத்தின் கீழே எவரும் காணாத வழியொன்றால் ஓடிச் சென்று கீரிமலைக் கேணியிலே மிதந்தெழும் என்று வலிகாமத்து முதியோர் கூறும் கர்ணபரம்பரையையும் சுட்டி நிறுத்தினோம். அந்த எலுமிச்சம்பழத்தின் பின்னே நாமும் செல்வதாயின், நாம் கரையேறும் இடம் மாவிட்டபுரமும் அதன் தீர்த்தக்கரையாகிய கீரிமலையும் ஆகும். இவ்விரண்டும் பெயரளவில் இரண்டு ஊர்களாயினும் கதையளவில் ஓரூரே. ஒன்றிலே நோய் தீர்ந்தது. மற்றொன்றிலே அதற்கான நன்றி கோயிலாக எழுந்தது.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாகச் சுன்னாகத்தையும் மல்லாகத்தையும் தெல்லிப்பழையையும் கடந்து வடக்கே செல்வோர், செம்மண் தோட்டங்களும் கல்வேலிகளும் பனங்காணிகளும் மாறி மாறி வரும் அவ்வழியிலே, கடற்காற்றின் உவர்ப்பு மூக்கில் ஏறத் தொடங்கும் தறுவாயில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்னே வந்து சேர்வர். அங்கிருந்து மேற்கே பிரியும் வீதி சிறிது தூரத்திலே கீரிமலைக் கடலோரத்திற் கொண்டுபோய் விடும். மலை என்ற பெயரைக் கேட்டு உயர்ந்த சிகரமொன்றை எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவர். குடாநாட்டிலே மலை ஏது? கடலை நோக்கிச் சற்றே உயர்ந்து நிற்கும் சுண்ணக்கல் மேட்டையே தட்டைநிலத்து மாந்தராகிய நம் முன்னோர் மலையெனப் பெருமையோடு அழைத்தனர். அம்மேட்டின் அடியிலே, உப்புக்கடலுக்கும் தனக்கும் இடையில் ஒரு கற்சுவரே எல்லையாக நிற்க, நன்னீர் ஊறித் ததும்பும் கேணி இருக்கிறது.

இனிக் கதைக்கு வருவோம். சோழநாட்டை ஆண்ட திசையுக்கிர சோழன் என்னும் அரசனுக்கு மாருதப்புரவீகவல்லி என்றொரு மகள் இருந்தாள். மாருதப்பிரவை என்றும், இன்னும் பலவாறும் ஏடுகளும் நாவுகளும் அவள் பெயரை மாற்றி மாற்றி வழங்குகின்றன. அவளைக் குன்மநோய் வாட்டியது. அதனினும் கொடிதாக அவள் முகம் குதிரைமுகமாயிருந்தது. மருத்துவரும் மாந்திரிகரும் கைவிட்ட பின்னர், துறவியொருவர் ஈழத்தின் வடகரையிலே உவர்க்கடலின் ஓரத்தில் நன்னீர்த் தீர்த்தமொன்று உண்டென்றும், அதிலே நீராடி வரின் நோயும் விகாரமும் ஒருங்கே நீங்குமென்றும் கூறினார். அரசகுமாரி தன் பரிவாரத்தோடு கடல் கடந்து வந்து, இன்று கோயில் நிற்கும் பகுதியை அடுத்த ஒரு பள்ளத்திலே பாளையமிட்டாள். அரசன் மகள் தங்கியமையால் அவ்விடம் குமாரத்திபள்ளம் எனப் பெயர் பெற்றது.

அத்தீர்த்தத்தின் வல்லமைக்கு அவளுக்கு முன்னமே சாட்சியொருவர் இருந்தார். கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் அங்குள்ள குகையொன்றின் பக்கத்திலே தவமிருந்து, நாள்தோறும் அந்நீரில் மூழ்கி மனிதமுகம் பெற்றவர் என்பது ஐதிகம். நகுலம் என்பது கீரி. ஆதலால் இடம் கீரிமலையாயிற்று, அங்குறையும் ஈசன் நகுலேசுவரர் ஆயினார். முனிவரின் அறிவுரைப்படி அரசகுமாரியும் நீராடினாள்; ஈசனை வழிபட்டாள்; நோய் நீங்கியது, குதிரைமுகமும் மறைந்தது. மா என்பது குதிரை என்றும், அது விட்டுநீங்கிய புரம் மாவிட்டபுரம் என்றும் ஊரார் தம் ஊர்ப்பெயருக்கு விளக்கம் கூறுவர். அதற்கு முன்பு அவ்விடத்துக்குக் கோவிற்கடவை என்று பெயர் வழங்கியதாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு தீர்த்த மகிமையாக மாத்திரம் நின்றிருக்கும். ஆனால் சரித்திரத்தின் நெடி வீசும் மற்றொரு பாத்திரம் இப்போது பிரவேசிக்கின்றது. கதிரைமலையிலிருந்து நாட்டை ஆண்ட உக்கிரசிங்கன் என்னும் அரசன் கீரிமலைத் தலயாத்திரைக்கு வந்து, வளவர்கோன்பள்ளம் என்னுமிடத்தில் தங்கினான். இவனுக்கும் முகக்குறை உண்டு. மனித உடலும் சிங்கமுகமும் உடையவன் என்பர். குதிரைமுகம் நீங்கி எழில் பெற்றிருந்த சோழன் மகளைக் கண்டு காதல் மிகுந்தவன், ஒருநாள் இரவு காவலர் அறியாமல் அவளைக் கவர்ந்து தன் மாளிகைக்குக் கொண்டு சென்றான். இக்காலத்து வாசகருக்கு இது காதலா களவா என்ற ஐயம் எழுவது நியாயமே. கதை சொல்லிய பழையவர்கள் அதனைக் கந்தர்வத்தின் பாற்படுத்தி அமைந்தனர். அரசியாகிய பின்னர் அவள் ஒன்றை வேண்டினாள்: தான் உருமாறிய இடத்திலே முருகனுக்கு ஒரு கோயில் எடுக்கவேண்டும். மகளின் வேண்டுகோளை அறிந்த சோழன் கோபம் தணிந்து, முருகன் திருவுருவத்தையும், அதனைப் பூசிப்பதற்குச் சிதம்பரத்துத் தீட்சிதர் மரபினராகிய பெரியமனத்துள்ளார் என்னும் அந்தணரையும் கப்பலேற்றி அனுப்பினான். அக்கப்பல் அணைந்த துறை அதுவரை கயாத்துறை எனப்பட்டது. காங்கேயன் எனப்படும் முருகன் வந்திறங்கியபின் அது காங்கேசன்துறை ஆயிற்று. அரசனுக்கும் அரசிக்கும் பிறந்த ஆண்மகவு வாலுடன் பிறந்தது என்றும், யாழ்ப்பாடி ஒருவனுக்கு மணற்றிடல் என்னும் பாழ்நிலத்தைப் பரிசாக ஈந்தவன் அம்மகனே என்றும் கதை மேலும் நீண்டு, யாழ்ப்பாணத்தின் பெயர்க்காரணத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு ஓய்கிறது.

இவ்விருத்தாந்தத்தை நாம் இன்று விரிவாக அறிவதற்கு ஒல்லாந்த அதிகாரியொருவரின் ஆவலும் காரணம் என்பது வியப்புக்குரியது. 18ஆம் நூற்றாண்டிலே மேக்கறூன் என்று நம்மவர் நாவில் வழங்கிய ஒல்லாந்தர், தாம் ஆளும் நாட்டின் பூர்வ கதையை அறிய விரும்பிக் கேட்டமையால், மாதகல் மயில்வாகனப் புலவர் அதற்கு முன்னிருந்த கைலாயமாலை, வையாபாடல் முதலியவற்றையும் வாய்மொழி வழக்குகளையும் ஆதாரமாகக் கொண்டு யாழ்ப்பாண வைபவமாலையை உரைநடையில் இயற்றினார். கதிரைமலைக் காதலும் கீரிமலைத் தீர்த்தமும் இவ்வாறு ஏட்டில் ஏறின. 1879இல் பிறிற்றோ என்பார் அந்நூலை ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

ஏட்டில் ஏறியது எல்லாம் சரித்திரமாகிவிடுமா என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம்மவரிடையே எழுந்தது. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலாகிய பண்டைய யாழ்ப்பாணத்திலே உக்கிரசிங்கனை மெய்யான அரசனாகவே கொண்டு, 8ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அவன் காலத்தை வைத்துக் கலிங்கத் தொடர்பொன்றையும் வகுத்தார். அடுத்த இரண்டாண்டிலே, 1928இல், நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை எழுதிப் புலவரின் கூற்றுகளைக் கடுமையாகச் சோதித்து, காலக்கணக்கின் முரண்களையும் கதைகள் ஒன்றோடொன்று கலந்த இடங்களையும் எடுத்துக்காட்டினார். ஒருவர் கதையினுள் அரசனைத் தேடினார். மற்றவர் அரசனுள் கதையைக் கண்டார். இவ்விரு பெரியோரின் வாதத்திலே தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஆயினும் இருவரும் அதிகம் நின்று நோக்காத ஒரு பொருளை நாம் இங்கே நோக்கலாம்: இக்கதையில் ஏன் இத்தனை விலங்குமுகங்கள்? கீரி, குதிரை, சிங்கம், இறுதியில் ஒரு வால்.

சிங்கத்தின் வரவு அறியக்கூடியதே. மகாவம்சம் சிங்கத்தின் வழித்தோன்றலாகவே விசயனின் குலத்தை உரைக்கிறது. கலிங்கத்தோடும் அக்குலத்தைச் சேர்க்கிறது. அந்நூலிலேயே பாண்டுகாபயன் சரிதையில் பெண்குதிரை வடிவில் உலாவிய இயக்கி ஒருத்தி வருகிறாள். அரசன் அவளைப் பிடித்து அடக்கித் துணையாக்கிக் கொள்கிறான். எனவே ஒரே தீவில், இரண்டு மொழிகளில், இரண்டு சமயத்தார் நடுவே, அரச வமிசங்களின் தோற்றம் விலங்குருவங்களோடு சேர்த்தே எண்ணப்பட்டது என்பது தெளிவு. ஆனால் மகாவம்சத்துச் சிங்கமும் இயக்கியும் குணப்படுவதில்லை. மாவிட்டபுரத்துக் கதையிலேதான் விலங்குமுகம் ஒரு பிணியாகிறது. அப்பிணிக்கு மருந்தும் இருக்கிறது.

இது ஏன் என்பதன் விடையை ஏடுகளுக்கு வெளியே, யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே தேடவேண்டும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை நம் நாட்டு வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தார். ஆண்டுதோறும் கோயில்களிலே கந்தபுராணம் படித்துப் பயன்சொல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது; எழுத்தறியாத கமக்காரனும் அதன் பாத்திரங்களைத் தன் அயலவரைப்போல அறிந்தான். அப்புராணத்திலே தாரகன் யானைமுகத்தவன். சூரனின் தம்பி சிங்கமுகன். அவர்களின் தங்கை அசமுகி ஆட்டுமுகத்தவள். கந்தசஷ்டி முடிவில் நிகழும் சூரன்போரில் சூரனின் உருவத்துக்குத் தலையை மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒவ்வொன்றாக முருகனின் வேலுக்கு இரையாக்கும் காட்சியைக் காணாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. விலங்குமுகம் என்பது ஆணவம் அணியும் முகமூடி. அதனைக் கழற்றுபவன் முருகன் என்ற உணர்வு இவ்வாறு தலைமுறை தலைமுறையாக ஊட்டப்பட்ட மண்ணிலே, முருகன் கோயில் ஒன்றின் தலவரலாறு விலங்குமுகம் நீங்கிய கதையாக அமைந்தது தற்செயலன்று. ஒரு வேறுபாடு மாத்திரம் கவனிக்கத்தக்கது. சூரன்போரிலே தலை வேலால் வீழ்கிறது. கீரிமலையிலோ முகம் நீரால் மாறுகிறது. போர்க்களத்தில் நிகழ்வதைக் கேணிக்கரையில் நிகழ்த்தியதே இவ்வூரின் கற்பனை.

நோயும் நீரும் அரசகுலத்தாரும் சேர்ந்த கதை நமக்கே உரிய தனிச்சொத்தும் அன்று. ஆங்கில நாட்டிலே பாத் என்னும் ஊர் வெந்நீரூற்றுகளுக்குப் பேர்போனது. உரோமர் அங்கே நீராடு மண்டபங்கள் கட்டினர். அவ்வூரை நிறுவியவன் பிளாடட் என்னும் பழம்பெரும் அரசன் என்று 12ஆம் நூற்றாண்டிலே மொன்மத் ஊர் ஜெஃப்ரி எழுதிவைத்தார். ஷேக்ஸ்பியர் நாடகமாக்கிய லியர் மன்னனுக்கு அவனே தந்தை என்பதும் அவர் கூற்று. பின்வந்தோர் அக்கதைக்கு மெருகூட்டி, இளவரசனாயிருந்த காலத்தில் பிளாடட் தொழுநோயால் அரண்மனையினின்றும் விலக்கப்பட்டுப் பன்றி மேய்த்தான் என்றும், சேற்றிலே புரண்ட பன்றிகளின் தோல்நோய் மாறியதைக் கண்டு தானும் அச்சேற்றில் இறங்கிக் குணமடைந்தான் என்றும், நன்றிக்கடனாக அங்கே நகரெடுத்தான் என்றும் சேர்த்தனர். நோயுற்ற அரசகுலத்தார், எதிர்பாராத நீரூற்று, நோய் நீங்குதல், நன்றியாக எழும் ஊர் என்ற நான்கு கூறுகளும் இரு கதைகளிலும் ஒன்றாயிருக்கின்றன. ஓரிடத்துக் கதை மற்றோரிடத்துக்குப் பயணம் செய்ததென்று கொள்ளவேண்டியதில்லை. விசித்திரமான நீரைக் கண்ட மனிதர் எங்கும் ஏறக்குறைய ஒரேவகையாகவே வியந்திருக்கின்றனர்.

கீரிமலை நீரிலே வியப்பதற்கு என்ன இருக்கிறது என்பதையும் சிறிது ஆராய்வோம். குடாநாட்டில் ஆறில்லை, அருவியில்லை. வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்குமான முதல். அம்மழை செம்மண்ணிலே சுவறி, அதன் கீழுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் புகுந்து, அடியில் நிற்கும் உவர்நீரின்மேல் பாரம் குறைந்த நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. கல் கரையக் கரைய வழிகள் அகன்று, நீர் கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. அவ்வாறு நகரும் நீர் கடலோரத்தில் வெளிப்படும் வாய்களுள் ஒன்றே கீரிமலைக் கேணி. ஆகவே நிலாவரையிலிட்ட எலுமிச்சம்பழத்தின் கதையும் முற்றிலும் பிதற்றலன்று. பழம் ஓடியிராது, ஆனால் நிலத்தின் கீழே நீர் வழியுண்டு என்பதை நம் பாட்டன்மார் புவியியல் நூல் பாராமலே உணர்ந்திருந்தனர். கடலலை சுவரில் மோதிச் சிதறும் இடத்திலேயே உப்பு மிகாத நீர் ஊறுவதைத் தினமும் கண்டவர்களுக்கு, அந்நீரால் எதுவும் ஆகுமென்று தோன்றியதில் வியப்பில்லை. இதே சுண்ணக்கல்லே பிற்காலத்தில் வேறொரு தொழிலுக்கும் மூலமாயிற்று. 1950இல் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்து, நீரைச் சுமந்த அதே கல்லை வெட்டியெடுத்து இலங்கையின் கட்டடங்களுக்கு அனுப்பியது. 1905இலே கொழும்பு வரை முற்றுப்பெற்ற புகையிரதப் பாதையின் வடகோடியும் காங்கேசன்துறையே.

இடைக்காலத்து அரசியல் மாற்றங்களை விரைந்து கடப்போம். 1619இல் பிலிப்பு தெ ஒலிவேறா தலைமையில் போர்த்துக்கேயர் சங்கிலி குமாரனை வென்று யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்டபின், நல்லூர்க் கோயில் போலவே கீரிமலை, மாவிட்டபுரத்துக் கோயில்களும் இடிபட்டன. 1658இல் வந்த ஒல்லாந்தரும் சைவ வழிபாட்டுக்கு நெடுங்காலம் இடந்தரவில்லை. அவர்கள் ஆட்சியின் பிற்பகுதியிலும் ஆங்கிலேயர் ஆட்சியிலுமே கோயில்கள் மறுபடி தலைதூக்கின. 1816இல் தானியல் பூவர் முதலிய அமெரிக்க மிஷனரிமார் வந்து பள்ளியும் தேவாலயமும் தொடங்கிய தெல்லிப்பழை, மாவிட்டபுரத்துக்கு அயலூர். அவர்கள் கல்வியைக் கொணர்ந்தனர். நம் புராணங்களைப் பரிகசித்தும் எழுதினர். அப்பரிகாசத்துக்கு விடையிறுக்க எழுந்த நல்லூர் ஆறுமுக நாவலர் தம் வாழ்வின் இறுதிக்காலத்திலே கீரிமலைச் சிவன்கோயிலைப் புதுக்கி எடுக்குமாறு சைவமக்களைத் தூண்டினார். 1879இல் அவர் சிவபதமடைந்தபோது பணி முற்றுப்பெறவில்லை. அவர் விதைத்த எண்ணம் அந்நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலே கோயிலாக நிமிர்ந்தது.

புராணமும் ஆட்சியும் ஒருபுறமிருக்க, இவ்வூரை யாழ்ப்பாணத்தார் அனைவரின் ஊராக்கியது ஆடி அமாவாசை. மாவிட்டபுரத்துத் திருவிழா 25 நாள் நிகழ்ந்து, அவ்வமாவாசையன்று முருகன் கீரிமலைக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுவதோடு நிறைவெய்துகிறது. அயலூர்களின் நாதசுரமும் தவிலும் தேருக்கு முன்னே போட்டியிட்ட காலத்தை முதியோர் இன்றும் சிலாகிப்பர். தந்தையை இழந்தோர் அந்நாளிலே விரதமிருந்து, கீரிமலையில் மூழ்கிப் பிதிர்க்கடன் இறுத்து, வீடு மீண்டு காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச்சோறு உண்பர். தாயை இழந்தோருக்குச் சித்திரா பௌர்ணமி. இறந்தவரின் அஸ்தியைக் கரைப்பதற்கும் முப்பத்தோராம் நாளை ஒட்டிய அந்தியேட்டிக் கிரியைக்கும் வலிகாமத்தார் நாடுவது இக்கரையையே. வழிப்போக்கர் தங்கவும் சமைக்கவும் எழுந்த மடங்களுள் சிறாப்பர் மடம் பேர்பெற்றது. கதையிலே உயிரோடிருப்பவள் நோய்நீங்க வந்த இடம், வழக்கிலே இறந்தோர் பாவம்நீங்கவும் வரும் இடமாயிற்று. அரசகுமாரிக்கு முகம் கொடுத்த நீரே தந்தைமாருக்கு வழியும் கொடுக்கிறது என்பது மக்களின் நம்பிக்கை.

இவ்வளவு கருணை மிகுந்த கதையைத் தன் தலவரலாறாகக் கொண்ட ஊரிலே நிகழ்ந்த ஒன்றையும் இத்தொடரில் மறைத்தல் தகாது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் உள்வீதிக்குள் சென்று வழிபட, தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சாதிகளைச் சேர்ந்த அடியார்கள் முயன்றனர். வாயிலில் தடுக்கப்பட்டபோது அங்கேயே அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தார் அவர்களுக்குத் துணைநின்றனர். தடுத்தோரின் முன்னணியில் நின்றவர் சாமானியரல்லர். கணிதப் பேராசிரியராயும் சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் வர்த்தக மந்திரியாயும் விளங்கிய செ. சுந்தரலிங்கம். கோயிலின் மரபைக் காப்பதாக அவர் நம்பினார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அது இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. கோயில் வாயிலில் யார் நுழையலாம் என்பதைக் கடல்கடந்த நாட்டுப் பிரபுக்கள் ஆராயும் நிலை சைவ யாழ்ப்பாணத்துக்கு வந்தது.

இவ்விடத்திலே தலவரலாற்றை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம். சோழன் மகள் இக்கரைக்கு வந்தபோது அவள் அழகியுமல்லள், ஊரவளுமல்லள். கண்டோர் முகஞ்சுளிக்கும் உருவத்தோடு, அயல்நாட்டிலிருந்து வந்த நோயாளி அவள். கீரிமுக முனிவர் அவளைக் குலம் கேட்கவில்லை, தீர்த்தத்துக்கு வழிகாட்டினார். சிங்கமுக அரசனையும் எவரும் வாயிலில் மறித்ததாகக் கதையில் ஒருவரியும் இல்லை. விலங்கின் முகத்தோடு வந்தோரை மனிதராக்கிய தலம் என்று ஒருபுறம் பெருமை பேசிக்கொண்டு, மனித முகத்தோடு வந்தோரை வெளியே நிறுத்தியது எந்த மரபைக் காப்பதாகும்? மரபு என்பது கோயிலின் அத்திவாரத்திலே உள்ளதா, அதன் வாயிற்காவலிலே உள்ளதா என்ற வினாவுக்கு இவ்வூரின் பழங்கதையே விடை வைத்திருந்தது. அக்கதையை ஆண்டுதோறும் படித்தவர்கள் அவ்விடையைப் படிக்கத் தவறினர். பின்வந்த ஆண்டுகளிலே கதவுகள் திறந்தன. அவை தாமாகத் திறக்கவில்லை, வாயிலில் அமர்ந்தவர்களின் பொறுமையாலேயே திறந்தன என்பதையும் தலவரலாற்றின் ஓர் அத்தியாயமாகச் சேர்த்தல் வேண்டும்.

அடுத்து வந்த அத்தியாயத்திலே வாயில் எல்லோருக்கும் ஒருங்கே அடைபட்டது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கின் மக்கள் உயர்குலத்தாரும் மற்றையோரும் என்ற பேதமின்றி வீடு வாசலை விட்டு வெளியேறினர். அவ்வாண்டு ஐப்பசியை அடுத்த நாட்களில் நகுலேசுவரக் கோயில்மீது குண்டுகள் விழுந்தன. சீமெந்துத் தொழிற்சாலையின் புகை நின்றது, புகையிரதமும் வரவில்லை, ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற வேலிக்குள் அகப்பட்டன. கீரிமலையிலே பிதிர்க்கடன் இறுக்கவேண்டியோர் நெடுங்காலமாக வேறு கடற்கரைகளைத் தேடினர். 2009இன் பின்னர் நிலங்கள் சிறிது சிறிதாக விடப்பட்டன. 2015 தை மாதத்திலே புகையிரதம் மறுபடி காங்கேசன்துறையை அடைந்தது. ஆடி அமாவாசையில் மீண்டும் கூட்டம் கூடுகிறது. மீண்டோர் பலர் தம் வீட்டின் அத்திவாரத்தைப் பற்றைக்காட்டினுள்ளே கிணற்றை அடையாளம் வைத்துக் கண்டுபிடித்தனர். எல்லாக் காணிகளும் உரியவர் கைக்கு வந்துவிட்டன என்று இன்னும் சொல்வதற்கில்லை.

ஆகவே மாருதப்புரவீகவல்லி என்றொருத்தி வாழ்ந்தாளா என்ற வினாவை ஆராய்ச்சியாளருக்கு விட்டுவிட்டு நாம் கொள்ளத்தக்கது இதுவே: ஓர் ஊரின் கதை அவ்வூர் எப்படி இருந்தது என்பதைக் காட்டிலும், எப்படி இருப்பதாக அது உலகுக்கு வாக்களித்தது என்பதையே உரைக்கிறது. மாவிட்டபுரம் தந்த வாக்கு, வந்தவரை முகம்பாராது ஏற்று அவருக்கு முகங்கொடுப்பது. அவ்வாக்கை அது காத்த காலமும் உண்டு, மறந்த காலமும் உண்டு. இரண்டையும் எழுதுவதே சரித்திரம். முன்னதை மாத்திரம் எழுதினால் அது தலபுராணம், பின்னதை மாத்திரம் எழுதினால் அது வசை.

உக்கிரசிங்கன் சோழகுமாரியைக் கொண்டுசென்ற கதிரைமலை எது? கந்தரோடையே அது என்பர். பனைகளின் நடுவே சிறு சிறு தூபிகள் கூட்டமாய் நிற்கும் அவ்வூரிலே, 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் போல் பீரிஸ் என்னும் நீதிபதி மண்ணை அகழ்ந்து பழங்காசுகளையும் மணிகளையும் கண்டெடுத்தார். அரசனின் மாளிகையை அங்கே தேடிச்செல்வோர் அதனினும் பழைய பொருள்களைக் கண்டு திகைப்பர். அதனை அடுத்த அத்தியாயத்திலே காண்போம்.

(தொடரும்)